மலாக்கா, 1511: அல்புகர்க்கின் முன்னால் இருந்த வழிகள்

"1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர்." பள்ளிப் பாடத்தில் இந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் கப்பல்கள் வந்து நங்கூரம் போட்டது ஜூலை 1ஆம் தேதி. ஊர் முழுசாகக் கைக்கு வந்தது ஆகஸ்ட் 24. நடுவில் ஏறக்குறைய எட்டு வாரம் இருக்கிறது. அந்த எட்டு வாரத்தில் இந்தியாவில் போர்த்துக்கீசிய ஆளுநராக இருந்த அஃபோன்சோ டி அல்புகர்க்கின் முன்னால் நாலு வழிகளாவது இருந்தன: பேசி முடித்து வியாபாரம் செய்வது, கடலை அடைத்து ஊரைப் பட்டினி போடுவது, அடித்துக் கொள்ளையிட்டுக் கிளம்புவது, பிடித்து அங்கேயே உட்கார்ந்துவிடுவது. கடைசி வழியைத்தான் எடுத்தார் என்பது நமக்குத் தெரிந்துபோனதால் மற்ற மூன்றும் கண்ணில் படுவதே இல்லை. அவற்றைத் திரும்பவும் எடுத்து வைத்து, அன்றைக்கு அவருக்கும் மலாக்காவை ஆண்ட சுல்தானுக்கும் தெரிந்திருந்ததை மட்டும் கொண்டு எடைபோட்டுப் பார்க்கலாம். ஊரை அடித்துப் பிடித்தது அவர் கணக்கில் சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பிடித்த ஊரைக் கையில் வைத்துக்கொண்டால் வியாபாரமும் கையில் இருக்கும் என்று நம்பினாரே, அங்கேதான் அவர் கணக்கு தப்பியது.

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். 18 கப்பல்கள் அளவில் ஒரு படை. ஆட்கள் ஆயிரத்துச் சொச்சம். அதில் போர்த்துக்கீசியர் 800 பேர் அளவில், மீதிப்பேர் மலபார் வீரர்கள். முந்தைய நவம்பரில்தான் கோவாவைப் பிடித்திருந்தார்கள். எதிரே இருந்த ஊர் கோவாவைவிடப் பல மடங்கு பெரிய வியாபாரத் தலம். கொஞ்ச நாளில் மலாக்காவுக்கு வந்து சேர்ந்த டோமே பிரெஷ் என்ற போர்த்துக்கீசிய மருந்து வணிகர், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசக் கேட்கலாம் என்று எழுதினார். நாலு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், வணிகர்களைப் பிரித்துக்கொண்டு கவனித்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்கள் ('கிளிங்' என்று அங்கே பெயர்), வங்காளிகள், பர்மாவின் பெகுக்காரர்கள், சுமத்திராவின் பாசைக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒருவர். ஜாவாவிலிருந்து மொலுக்கா வரை தீவுகளுக்கு ஒருவர். சீனர், லியூ சியூத் தீவினர், சம்பாக்காரர்களுக்கு ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி. வரி தெரிந்தது, அளவை தெரிந்தது, வழக்கு வந்தால் யாரிடம் போவது என்பதும் தெரிந்தது. அந்த நிச்சயத்தை நம்பித்தான் கப்பல்கள் வந்தன.

இன்னொரு கையிருப்பு, ஒரு கடிதம். 1509 செப்டம்பரில் டியோகோ லோப்பஸ் டி செக்வேரா என்பவர் சில கப்பல்களோடு முதன்முதலாக மலாக்காவுக்கு வந்தார். நன்றாகவே வரவேற்றார்கள். பிறகு குஜராத்தி வணிகர்களின் எச்சரிக்கையைக் கேட்டு அரசவையின் மனம் மாறியது. கரையில் இருந்தவர்களில் 20 பேர் அளவில் பிடிபட்டார்கள். செக்வேரா தப்பி ஓடினார். பிடிபட்டவர்களில் ஒருவர் ரூயி டி அராவுஜோ. அவர் 1510 பிப்ரவரியில் சிறையிலிருந்தபடியே ஊரின் பலம், பலவீனம் எல்லாவற்றையும் எழுதி, பெரிய படையோடு வரச் சொல்லி அனுப்பினார். அந்தக் கடிதம் வெளியே போக உதவியவர் ஒரு தமிழ் வணிகர். போர்த்துக்கீசிய ஏடுகளில் அவர் பெயர் 'நினா சத்து'. நயினா என்ற மரியாதைச் சொல் அப்படித் திரிந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். இங்கே அவரை நயினா சத்து என்றே சொல்கிறேன். கைதிகளுக்குச் சாப்பாடும் பணமும் கிடைக்கப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

காற்று

இந்தக் கதையை எடுத்தவுடன் பீரங்கிக்குப் போய்விடுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். நாகப்பட்டினத்திலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கடலோடியைக் கேட்டால் முதலில் காற்றைத்தான் சொல்லுவார். அல்புகர்க் மே மாதத் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து கிளம்பியது தென்மேற்குக் காற்றில், அதாவது சோழகத்தில். அந்தக் காற்று கொண்டுபோய் விடும், திருப்பிக் கொண்டுவராது. மலாக்காவிலிருந்து மேற்கே திரும்ப வேண்டுமென்றால் வாடை பிறக்கவேண்டும். அதற்கு நவம்பர், டிசம்பர் ஆகும். ஆக, ஜூலை முதல் தேதி அவர் நங்கூரம் போட்டபோது 'சரிப்படவில்லை, கிளம்புவோம்' என்ற வழியே அவருக்கு இல்லை. எந்த வழியை எடுத்தாலும் நாலைந்து மாதம் அந்தக் கடலிலேயே கிடக்கவேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பேருக்குச் சோறு வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், நோய் வந்தால் படுக்க ஒரு நிழல் வேண்டும்.

சுல்தான் மஹ்மூத் ஷாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. காற்றையே வைத்துப் பிழைத்த ஊர் அது. அவர் செய்த தாமதத்தைக் கோழைத்தனம் என்றும் குழப்பம் என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காத்திருந்தால் எதிரி மெலிவான் என்று அவர் போட்ட கணக்கில் அர்த்தம் இருக்கிறது.

பேசித் தீர்ப்பது

பேச்சுவார்த்தை ஒரு சின்னக் கேள்வியில் மாட்டிக்கொண்டது: எது முதலில்? முதலில் சமாதான ஒப்பந்தம் போடு, அப்புறம் கைதிகளை விடுகிறேன் என்றார் சுல்தான். கைதிகளை விடு, அப்புறம் மற்றதைப் பேசலாம் என்றார் அல்புகர்க். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. கைதிகள் கையைவிட்டுப் போய்விட்டால் சுல்தானிடம் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. 1509இல் விருந்து வைத்துவிட்டு ஆளைப் பிடித்த ஊரின் கையெழுத்தை எதிர்த்தரப்பும் நம்பத் தயாராக இல்லை. எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இவர்கள் தடுப்பு கட்ட நேரம் வாங்குகிறார்கள் என்று சிறையிலிருந்து அராவுஜோவே சொல்லியனுப்பினார்.

கடைசியில் அல்புகர்க் கரையோர வீடுகளுக்கும் குஜராத்திக் கப்பல்களுக்கும் தீ வைத்தார். உடனே கைதிகள் விடுதலையானார்கள். சாதாரணமாகப் பார்த்தால் விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கைதிகள் கைக்கு வந்ததும் அவர் கோரிக்கையைப் பெரிதாக்கினார்: 1509இல் போன சரக்குக்கு ஈடு வேண்டும், கோட்டை கட்ட இடம் வேண்டும். ஒரு பண்டகசாலையை சுல்தான் கொடுத்திருக்கக்கூடும். தன் ஆற்று முகத்தில் அந்நியன் கோட்டை கட்ட எந்த அரசன் சம்மதிப்பான்? இந்தக் கோரிக்கை வந்த நிமிஷமே பேச்சு என்ற வழி அடைபட்டது, அடைத்தவரும் அல்புகர்க்தான் என்பது என் கருத்து. உடன்படிக்கையோடு போயிருந்தால் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைத்திருக்கும். ஆனால் அதே மிளகு குஜராத்திகள் வழியாகச் செங்கடலுக்கும், அங்கிருந்து கெய்ரோவுக்கும் வெனிஸுக்கும் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். சரக்கு வாங்குவதற்காக மட்டும் அவர் வரவில்லை, அந்த வழியை அறுப்பதற்காகவும் வந்தார். "மலாக்காவுக்கு யார் எஜமானனோ அவன் கை வெனிஸின் குரல்வளையில்" என்று டோமே பிரெஷ் பின்னால் எழுதியது இந்த எண்ணத்தைத்தான்.

பட்டினி போடுவது

காகிதத்தில் பார்த்தால் இதுதான் நல்ல வழி. மலாக்காவுக்குப் போதுமான நெல் அங்கே விளையவில்லை. ஜாவாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெகுவிலிருந்தும் அரிசி வந்தால்தான் உலை கொதிக்கும். கடலை அடைத்தால் ஊர் பணியும்.

இந்த வழி எப்படி இருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 130 வருஷம் கழித்து டச்சுக்காரர்கள் இதே ஊரில், இதே போர்த்துக்கீசியர்மேல் இதைச் செய்தார்கள். 1640 ஆகஸ்டில் தரையிறங்கிச் சூழ்ந்தார்கள். 1641 ஜனவரி 14 அன்றுதான் உள்ளே நுழைய முடிந்தது. உள்ளே இருந்தவர்கள் நாய், பூனை, எலி என்று கிடைத்ததையெல்லாம் தின்று தீர்த்தார்கள். வெளியே இருந்தவர்கள் காய்ச்சலில் செத்தார்கள். முற்றுகையைத் தொடங்கிய டச்சுத் தளபதி ஆட்ரியான் அந்தோனிஸ் நோயில் போனார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவரும் போனார். மூன்றாவதாக வந்த கார்ட்டெகூ என்பவர்தான் கடைசித் தாக்குதலை நடத்தினார். டச்சுப் பக்கம் 1,500 பேர் அளவில் மாண்டார்கள். 20,000 பேர் அளவில் இருந்த ஊரில் 3,000 பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்று அவர்களுடைய அறிக்கையே சொல்கிறது.

அந்த டச்சுக்காரர்களிடம் அல்புகர்க்கிடம் இல்லாத இரண்டு இருந்தன. ஒன்று, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா). ஆள் செத்தால் ஆளும், அரிசி தீர்ந்தால் அரிசியும் அனுப்ப, பக்கத்துக் கடலிலேயே ஒரு தலைநகர். இரண்டு, ஜோகூர் சுல்தான். தரைப்பக்கத்தையும் ஆறுகளையும் அடைத்தவர்கள் ஜோகூர் ஆட்கள். 1511இல் அல்புகர்க்குக்குக் கிட்டத்து ஊர் என்றால் கொச்சிதான், காற்று மாறினால் ஒழிய உதவி கேட்டு அங்கே ஒரு கப்பல்கூடப் போகமுடியாது. தரைப்பக்கமோ திறந்து கிடந்தது. மூவார் ஆற்றில் ஏறிப்போய், ஒரு துண்டு நிலத்தைப் படகை இழுத்துக் கடந்தால் பஹாங் ஆறு. அந்த வழியாகக் கீழைக்கரையோடு ஊருக்குத் தொடர்பு எப்போதும் உண்டு. பஹாங் அரசரும் சுல்தானுக்கு உறவுக்காரர். ஆகவே கடலை அடைத்திருந்தால் ஊருக்கு முன்னால் கப்பலில் இருந்தவர்கள்தான் பட்டினி கிடந்திருப்பார்கள். பட்டினி போடுவது 1640இல் கொடூரமாகவாவது வேலை செய்தது. 1511இல் அது வழியே அல்ல.

பாலம்

சரி, அப்படியானால் அடிப்பது. எங்கே அடிப்பது என்பதை அராவுஜோ ஒரே சொல்லில் சொன்னார்: பாலம்.

இன்றைக்கு மலாக்காவுக்குப் போகிறவர்கள் டான் கிம் செங் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய பாலமும் அதை ஒட்டித்தான் இருந்தது. நானும் அங்கே நின்றிருக்கிறேன். எதிர்க்கரையில் இரண்டு பேர் பேசினால் குரல் கேட்கும், அவ்வளவு ஒடுங்கிய ஆறு. ஒரு கரையில் குன்று, அரண்மனை, பள்ளிவாசல். மறுகரையில் உப்பே என்ற வணிகர் பகுதி. பாலம் போனால் ஊர் இரண்டாகப் பிளந்துவிடும். அரசனின் ஆட்கள் ஒரு பக்கம், செல்வம் மறு பக்கம். ஒரு பெரிய ஊரைச் சுற்றிவளைக்க ஆயிரம் பேர் போதாது. ஒரு பாலத்தைப் பிடிக்கப் போதும்.

முதல் தாக்குதல் ஜூலை 25, சந்தியாகப்பர் திருநாள் அன்று. இரண்டு பிரிவாக இறங்கினார்கள். சுல்தானும் மகன் அஹ்மதும் யானைமேல் வந்தார்கள். ஒடுக்கமான தெருவில் யானைகளை ஈட்டியால் குத்தியதும் அவை மிரண்டு தன் ஆட்களையே மிதித்துக்கொண்டு திரும்பின. பாலமும் கைக்கு வந்தது. ஆனால் சாயங்காலம் போர்த்துக்கீசியர் அதை விட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார்கள். காலையிலிருந்து இரும்புக் கவசத்தோடு அந்த வெயிலில் நின்றவர்களுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை, ஒதுங்க நிழலுமில்லை. நச்சு அம்பு பட்டவர்களில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தை உடனே சுட்டுக்கொண்ட ஒருவர் மட்டும் பிழைத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மலாய் வரலாற்றில் இந்த நாள் எதிரியைத் துரத்திய நாளாகவே பதிவாகியிருக்கிறது. அதுவும் பொய்யில்லை.

இரண்டாவது தாக்குதலுக்கு அல்புகர்க் செய்த தயாரிப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். புதிதாகப் பீரங்கி எதுவும் வரவில்லை. அவர் சேர்த்தது மண் நிரப்பிய பீப்பாய்கள், பலகைகள், மண்வெட்டிகள், வெயிலுக்குப் பந்தல் போடக் கப்பல் பாய்கள். முதல் தடவை எதற்குத் தோற்றோமோ அதற்கு மட்டும் மருந்து. அதோடு, உயரமான ஜங்க் கப்பல் ஒன்றை எடுத்துப் பாலத்தைவிட உயரமாகத் தடுப்பு கட்டி, அந்தோனியோ டி அப்ரேயு பொறுப்பில் ஆற்று முகத்துக்கு அனுப்பினார். அது மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. கடல் ஓதத்தின் பெருவெள்ளம் ஏறும் நாள்வரை நாட்கணக்கில் அங்கேயே நின்றது, இரவில் எரியும் தெப்பங்களை அதன்மேல் மிதக்கவிட்டார்கள், பகலில் குண்டு. அப்ரேயுவுக்கு முகத்தில் குண்டு பாய்ந்து பற்கள் போயின. இறங்க மாட்டேன் என்று அங்கேயே இருந்தார். ஆகஸ்ட் 10 அன்று வெள்ளம் தூக்கியது. கப்பல் பாலத்தைத் தொட்டது. இந்தத் தடவை பாலத்தின் இரு முனையிலும் பீப்பாய்களை அடுக்கி, மேலே பாயைக் கட்டி, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் துறைமுகத்தில் சில சீன ஜங்குகளும் நின்றன. சீனாவுக்குத் திரும்பக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆனால் அவற்றின் மாலுமிகள் சுல்தானின் போக்கால் கசந்து போயிருந்தார்கள். ஆட்களைத் தருகிறோம் என்றார்கள். ஆள் வேண்டாம், இறங்குவதற்குப் படகு தாருங்கள் என்று வாங்கிக்கொண்டார் அல்புகர்க். நெல் கொண்டுவரும் ஜாவாக்காரர்களின் தலைவர் உத்திமுத்தி ராஜா இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார். நயினா சத்து எந்தப் பக்கம் என்பது முன்பே தெரிந்ததுதான். பாலத்தைப் பிடித்தது வாளும் பீரங்கியும் என்றால், அதற்கு முன்பே ஊர் உள்ளுக்குள் பிளந்திருந்தது. முந்தைய வருஷம்தான் சுல்தான் தன் பெண்டஹாராவை, அதாவது முதலமைச்சர் துன் முதாஹிரை, வணிகர்களின் கோள்பேச்சைக் கேட்டுக் குடும்பத்தோடு கொன்றிருந்தார். துன் முதாஹிரின் பாட்டனார் மணி புரிந்தன் நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம். கோள் மூட்டியதாக மலாய் வரலாறு சொல்லும் ராஜா முதலியாரும் தமிழர்தான். பொய் வெளிப்பட்டதும் அவரும் கொல்லப்பட்டார். நாடு நடத்தத் தெரிந்த ஆளைக் கொன்ற அடுத்த வருஷமே முற்றுகை வந்தது.

கொள்ளையடித்துக் கிளம்புவதா, இருப்பதா

ஆகஸ்ட் 24இல் வரிசை வரிசையாகத் தெருக்களில் நடந்து ஊரைப் பிடித்தார்கள். சுல்தான் மூவார்ப் பக்கம் விலகிப்போனார். விலகிப்போனதற்குக் காரணம் இருந்தது: இவர்கள் சூறையாடிவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்கள், பிறகு திரும்பி வரலாம் என்பது அவர் எண்ணம். கடலில் வந்து அடிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அல்புகர்க்கின் தளபதிகளில் பலருடைய விருப்பமும் கிட்டத்தட்ட அதுதான். கொள்ளைப்பொருளை எடுத்துக்கொண்டு வாடைக்குக் கிளம்பினால் ஆளுக்கொரு பங்கு. கோட்டை கட்ட உட்கார்ந்தால் காய்ச்சலும் கல் சுமப்பதும். அல்புகர்க்கின் அனுபவம் வேறாக இருந்தது. 1510 ஜனவரியில் கள்ளிக்கோட்டையைச் சூறையாடப் போனபோது, சாமூதிரியின் அரண்மனைக்குள் கொள்ளையில் மூழ்கிய மார்ஷல் கூட்டின்யோ திரும்பும் வழியில் வெட்டுப்பட்டுச் செத்தார். அல்புகர்க்கும் படுகாயத்தோடு தூக்கிவரப்பட்டார். அதற்கு முன், பாரசீக வளைகுடாவின் வாயிலில் இருக்கும் ஹொர்மூஸில் அவர் கோட்டை கட்டத் தொடங்கியபோது தளபதிகள் அவரை விட்டுவிட்டுக் கப்பலை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால்தான் இரண்டாவது தாக்குதலுக்கு முன்பே தளபதிகளைக் கூட்டி, ஊரைப் பிடித்தால் வைத்துக்கொள்வோம் என்ற சம்மதத்தை வாங்கிக்கொண்டார். சூறையாடவும் அனுமதித்தார், ஆனால் நயினா சத்து உள்ளிட்டவர்களின் வீடுகளில் கை வைக்கக்கூடாது என்று அடையாளக் கொடி கட்டவைத்தார். கொள்ளையில் அரசனுக்குச் சேரவேண்டிய ஐந்தில் ஒரு பங்கே 2 லட்சம் குரூசாடோ (போர்த்துக்கீசியப் பொற்காசு) என்று கணக்கு. அதில் பெரும்பகுதியும், தன் கல்லறைக்காக எடுத்துவைத்த வெண்கலச் சிங்கங்களும், 1511 இறுதியில் திரும்பும் வழியில் சுமத்திராக் கரைக்கு அப்பால் ஃப்ளோர் டி லா மார் கப்பலோடு மூழ்கின. அல்புகர்க் தெப்பம் கட்டிப் பிழைத்தார்.

கொள்ளையடித்துப் போவதோடு ஒப்பிட்டால் இருப்பதே மேல், அதில் எனக்கு மறுப்பில்லை. சூறையாடிவிட்டுப் போயிருந்தால் அடுத்த காற்றில் சுல்தான் திரும்பியிருப்பார், குஜராத்திகள் திரும்பியிருப்பார்கள், வெனிஸுக்கு மிளகும் போயிருக்கும். ஆனால் எப்படி இருந்தார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். பள்ளிவாசலை இடித்து, சுல்தான்களின் கல்லறைகளைப் பெயர்த்து, அந்தக் கல்லில் ஃபமோசா கோட்டையைக் கட்டினார்கள். சுல்தானின் அடிமைகளைத் தங்கள் அரசனின் அடிமைகளாக எழுதிக்கொண்டு வேலை வாங்கினார்கள். 84 மொழி பேசிய ஊரில் ஒரு பெரும்பகுதி வணிகர்களுக்கு இனி இது நம் இடம் இல்லை என்று தெரிவிக்க வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. குஜராத்திகளும் மற்ற முஸ்லிம் வணிகர்களும் சுமத்திராவின் பாசைக்கும் அச்சேவுக்கும், ஜாவாவின் பந்தனுக்கும் போனார்கள். அச்சே ஒரு வல்லரசாகவே வளர்ந்து, மலாக்காவைத் திரும்பத் திரும்ப வந்து முற்றுகையிட்டது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சேயின் மிளகு செங்கடல் வழியாக வெனிஸுக்கு மறுபடி போய்க்கொண்டிருந்தது. கை இருந்தது, குரல்வளை நகர்ந்துவிட்டது.

அரிசியும் தீராத கவலையானது. உத்திமுத்தி ராஜா சதி செய்ததாகச் சொல்லி அவரையும் மகனையும் மருமகனையும் தலை வெட்டினார்கள். ஜாவாவோடு பகை வந்தது. 1513 தொடக்கத்தில் ஜப்பாராவின் பதி ஊனுஸ் பெரிய கப்பற்படையோடு வந்து தோற்றுத் திரும்பினார். மஹ்மூத் ஷா பிந்தானில் உட்கார்ந்துகொண்டு, 1526இல் போர்த்துக்கீசியர் அந்த ஊரை அழிக்கும்வரை மலாக்காவுக்கு வரும் கப்பல்களை மறித்துக்கொண்டே இருந்தார்.

அதனால், இருப்பது என்று முடிவான பிறகும் ஒரு தேர்வு மிச்சமிருந்தது: கோட்டையை நம்பி இருப்பதா, வணிகர்களை நம்பி இருப்பதா? தொடக்கத்தில் சில வருஷம் இரண்டாவதும் நடந்தது, நடந்தபோது பலன் கிடைத்தது. 1512இல் பெகு நாட்டுக்குப் போன கப்பலும், 1513இல் ஜோர்ஜ் அல்வாரெஸ் சீனக்கரைக்குப் போன பயணமும் நயினா சத்துவோடு கூட்டுச் சேர்ந்து செய்தவை. எங்கே என்ன விலை, எந்த மாதம் எந்தக் காற்று, யார் சொல் நம்பத்தக்கது என்பதெல்லாம் அவரிடம் இருந்தது. போர்த்துக்கீசியரிடம் இல்லை.

நயினா சத்து

இந்தக் கணக்கில் எல்லாரும் அல்புகர்க்கின் இடத்தில் நின்று பார்க்கிறார்கள், சிலர் சுல்தானின் இடத்தில். எனக்கு இந்த மூன்றாவது ஆளின் தேர்வுதான் நெஞ்சில் நிற்கிறது. அவர் முன்னாலும் வழிகள் இருந்தன. சுல்தான் பக்கம் நின்றிருக்கலாம். ஆனால் ஒரே கோள்பேச்சில் முதலமைச்சரின் வீடே அழிந்த அரசவை அது, குஜராத்திகளின் செல்வாக்கு வேறு ஓங்கியிருந்தது. உத்திமுத்தி ராஜாவைப் போல இரண்டு பக்கமும் பேசியிருக்கலாம்; அதன் முடிவு வெட்டுக்கட்டை. சரக்கை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கோ நாகப்பட்டினத்துக்கோ திரும்பியிருக்கலாம். வாடை வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை மட்டும் போதும். அவர் புதியவர்கள் பக்கம் எல்லாவற்றையும் வைத்தார். அன்றைக்கு இருந்த தகவலை வைத்துப் பார்த்தால், வணிகராக அவர் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊர் பிடிபட்டதும் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தலைவராக, பெண்டஹாராவாக அவரையே நியமித்தார்கள்.

1514இல் அந்தப் பதவியை அவரிடமிருந்து எடுத்துச் சுமத்திராவின் கம்பார் அரசருக்குக் கொடுப்பதாக முடிவாயிற்று. ஒரு முஸ்லிம் அரசரை உள்ளே கொண்டுவந்தால் ஓடிப்போன மலாய் மக்கள் திரும்புவார்கள் என்பது கணக்கு. நயினா சத்துவிடம் யாரும் யோசனை கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு நடந்ததைப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். பொது இடத்தில் மேடை கட்டச் சொன்னார். அதைப் பட்டுத்துணியால் அலங்கரிக்கச் சொன்னார். கீழே சந்தனமும் அகிலும் அடுக்கித் தீ மூட்டச் செய்தார். நல்ல உடை உடுத்தி மேலே ஏறி, சிறையில் கிடந்தவர்களுக்குச் செய்ததிலிருந்து தொடங்கித் தான் செய்த உதவிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவமானத்தோடு வாழ்வதற்கு இல்லை என்று சொல்லி நெருப்பில் இறங்கினார்.

கம்பார் அரசரும் அந்தப் பதவியில் அதிக நாள் இல்லை. துரோகக் குற்றம் சாட்டி அவரையும் போர்த்துக்கீசியர் கொன்றுவிட்டார்கள்.